நான்காம் மேசை

மாநகராட்சி விரித்த வரைபடம்
மேசை கொள்ளாமல் நாலு பக்கமும் தொங்கியது.
ஆளுக்கு ஐந்து பச்சை வில்லை, ஐந்து சிவப்பு.
பச்சை என்றால் இருக்கட்டும்.
சிவப்பு என்றால் எடுத்துவிடலாம்.
லுங்கிலே, திட்டப்பிரிவுப் பெண்,
"தப்பான விடை என்று எதுவும் இல்லை" என்றாள்.
பரீட்சை அறையில்கூட யாரும்
இப்படிப் பயமுறுத்தியதில்லை என்னை.

நான் மசாலாக் கடைக்காரன்.
டர்பன் மேம்பாலத்துக்குக் கீழே
வறுத்த மல்லியும் டாக்சிப் புகையும்
ஒரே மூச்சில் ஏறும் இடம்.
ஐந்து சிவப்பையும் எங்கே ஒட்டுவதென்று
வீட்டில் பல் விளக்கும்போதே தீர்மானித்திருந்தேன்:
என் வாசலை மறித்துக்கொண்டு
விடியுமுன் சோளம் வேகிற
அந்தத் தகர டிரம்மின் மேல்.

படத்தில் டிரம் இல்லை.
என் கூரை இருந்தது, கம்பம் இருந்தது,
சாக்கடை மூடிக்குக்கூட ஓர் எண் இருந்தது.
வாசலுக்கு நேரே வெறும் வெள்ளை.
தேடிப்போன என் விரல்
எதிரே இருந்து வந்த இன்னொரு விரலில் இடித்தது.
அதன் நுனியில் பச்சை.
"என் அடுப்பைக் காணோம்," என்றாள் ஸோத்வா.
"நானும் அதைத்தான் தேடுகிறேன்," என்றேன்.
பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில்
மேலிருந்து எடுத்த படமாம்.
"என் இடம் நாலு மணிக்குப் பிறந்து
பத்து மணிக்குச் செத்துப்போகும்.
ஞாயிறு அதற்குப் பிறப்பே இல்லை."
லுங்கிலே பேனாவை மூடினாள்.
"அப்படியானால் வியாழன். நாலு மணிக்கு."

வியாழன்.
தெருவிளக்கு ஒன்று எரிந்தது, இரண்டு எரியவில்லை.
ரஞ்சினி படையாச்சி தையல் நாடாவோடு வந்தாள்;
ஒரு தெருவை
நூற்றைம்பது சென்டிமீட்டர் நூற்றைம்பது சென்டிமீட்டராக.
டாக்சி வரிசை பார்க்கும் ஃபைசல்
வாயிலிருந்து விசிலை எடுக்காமலே
சாக்பீஸால் கோடு போட்டான்.
டிரம்முக்கு ஒரு வட்டம்.
மூலிகைக்காரிக்கு ஒரு பாய் அளவு.
என் தகரச் சாய்ப்பு
நடைபாதைக்குள் நாலடி நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும்
விசிலை எடுத்துவிட்டு, உரக்கச் சொன்னான்.

"தண்ணீர் எங்கிருந்து?" லுங்கிலே கேட்டாள்.
யாரும் பேசவில்லை.
ஸோத்வா என் கடையின் பின்பக்கம் பார்த்தாள்.
சோமலிங்கம், என் கடைப் பையன்,
ஐம்பத்திரண்டு வயதுப் பையன்,
தரையைப் பார்த்தான்.
வாளிக்கு இரண்டு ராண்ட். பதினோரு வருடம்.
பில் ஏன் இப்படி ஏறுகிறதென்று
மூன்று தரம் பிளம்பரைக் கூப்பிட்டவன் நான்.
மூன்று தரமும் வந்து
கசிவு எங்கேயும் இல்லை என்று எழுதிக்கொடுத்துக்
காசு வாங்கிப்போனான்.

அடுத்த கூட்டத்தில்
முதல் மேசை நீரூற்றுக் கேட்டது, கலர் விளக்கோடு.
இரண்டாம் மேசைக்குக் கார் நிறுத்த இடம்.
மூன்றாம் மேசை
மணிக்கூண்டா சுவரோவியமா என்று
தனக்குள்ளேயே இரண்டாகிப் போனது.
எங்களுக்கு ஒரு குழாய்.
கீழே வடிகால், மேலே பூட்டில்லாமல்.
எழுந்து சொல்ல வேண்டியவன் நான் என்று
அவர்களாகவே முடிவுசெய்துவிட்டார்கள்;
வாசல் என்னுடையதாம்.
சொன்னேன்.
பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், மறுபடி சொன்னேன்.

ஐந்து சிவப்பில் ஒன்றை
என் சாய்ப்பின்மேல் ஒட்டினேன்.
ஃபைசல் பார்க்கும்போது ஒட்டினேன்.
மீதி நாலும் சட்டைப்பையிலேயே கிடந்து
சலவையில் பையைச் சிவப்பாக்கின.

திருத்திய படம் வந்திருக்கிறது.
சாக்பீஸ் கோடுகள் மழையில் போய்விட்டன, ஆனால்
இதில் வட்டம் இருக்கிறது, பாய் இருக்கிறது,
'காலை 4 முதல் 10 வரை' என்று ஓரத்தில் பொடி எழுத்து.
என் வாசலுக்கு நேரே ஒரு நீலப் புள்ளி.
நிதி அடுத்த ஆண்டு, அல்லது அதற்கடுத்த.
இல்லாத குழாய் படத்தில் இருக்கிறது.
இருக்கிற குழாய் கடைக்குப் பின்னால்
இன்னும் படத்தில் ஏறவில்லை.

வாளி அங்கேதான் நிறைகிறது.
இரண்டு ராண்டை இப்போது
என் கையிலேயே தருகிறாள் ஸோத்வா.
வாங்கிக்கொள்கிறேன்.
அதற்கு எந்த நிற வில்லை என்று
எந்த மேசையும் கேட்கவில்லை.
சோமலிங்கம் என்னோடு பேசி
ஆறு வாரமாகிறது.